மான் முடித் தலை தூண்டில் முள்ளில் சுழல்கிறது, போட்டோவில் கரிக்கட்டி மாதிரி வருகிறது: உதவுங்கள்

புதுமுள்:
பாஸ் மீனுக்காக, நீர்மட்டத்தில் மிதக்கிற மான் முடி ஃப்ளை (தூண்டில் முள்ளில் முடியை நூலால் கட்டிச் செய்கிற செயற்கை இரை) கட்டப் பழகுகிறேன். முள் 2-ஆம் நம்பர். வால் கட்டும் வரை எல்லாம் சரியாகப் போகிறது, முடிக்கு வந்ததும் தகராறு. கற்றையை வைத்து நூலை இழுத்தால் பாதி முடி விரிகிறது, மீதி அப்படியே முள்ளின் தண்டோடு (நேரான பகுதி) படுத்துக்கொள்கிறது. கொஞ்சம் அழுத்தி இழுத்தால் நூல் அறுந்துவிடுகிறது (சாதாரண 6/0 பாலியெஸ்டர் நூல்தான்). எப்படியோ ஒப்பேற்றி, பிளேடால் சீவி உருண்டையாக்கினாலும், தலையை இரண்டு விரலால் பிடித்துத் திருகினால் தண்டைச் சுற்றி வருகிறது.

போட்டோவும் சொதப்பல். மொபைலில் எடுக்கிறேன், பின்னால் வெள்ளைத் தாள். தாள் சாம்பல் நிறமாக வருகிறது, கறுப்பு முடி ஒரே கரிக்கட்டி, மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசமே தெரியவில்லை, முள்ளின் கண் (முனையில் இருக்கும் துளை) தெளிவாக விழுந்தால் வால் மங்கல். முடிக்கு நடுவில் இருக்கும் சந்துகள் தெரியாமல் எடுக்க ஏதாவது வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள் :)

வைஸ்வாத்தியார்:
கடைசிக் கேள்வியை அப்புறம் பார்ப்போம். முதலில் முடி. உங்களிடம் இருப்பது மானின் எந்தப் பகுதி முடி? மான் முடிக்குள்ளே காற்றறைகள் இருக்கின்றன, நூல் அழுத்துகிற இடத்தில் அது நசுங்குவதால்தான் இரண்டு பக்கமும் விறைத்துக்கொண்டு எழும்புகிறது. குளிர்காலத்து முடியில் காற்று அதிகம், கோடை முடி மெலிசு. வயிற்று முடி தடிமனாக இருக்கும், பாஸ் ஃப்ளைக்கு அதுதான் வேண்டும். வால் முடி என்றால் விட்டுவிடுங்கள், அதன் நுனிப்பக்கம் எவ்வளவு இறுக்கினாலும் விரியாது. நல்ல முடியிலும் அடிப்பக்கம்தான் நன்றாக விரியும், நுனி கெட்டி. பாதி விரிகிறது பாதி படுக்கிறது என்கிறீர்களே, நூல் நுனிப்பக்கமாக விழுகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது. கட்டுவதற்கு முன்பே நுனியை வெட்டி எறியுங்கள், எப்படியும் சீவத்தானே போகிறீர்கள்.

இன்னொன்று, வெட்டியெடுத்த கற்றையின் அடியில் பஞ்சு மாதிரி மெல்லிய மயிர் இருக்கும். நுனியைப் பிடித்துக்கொண்டு பல் நெருங்கிய சீப்பால் அடியை வாருங்கள். அந்தப் பஞ்சு கொஞ்சம் தங்கினாலும் முடி விரியாது, தண்டைச் சுற்றி ஓடவும் ஓடாது. பேன் சீப்பே போதும்.

நூலை மாற்றுங்கள். ஜெல் ஸ்பன் என்கிற, எளிதில் அறுகாத நூல், 100 டெனியர் (நூலின் கனத்துக்கான அளவு) அல்லது 200. கை வலிக்கிற அளவுக்கு இழுக்கலாம். வழுக்கும், அதனால் மெழுகு தடவிக்கொள்ளுங்கள். அதுவும் அறுந்தால் பாபின் (நூல்கண்டைப் பிடிக்கும் கருவி) குழாயின் வாயில் பிசிர் இருக்கிறதா பாருங்கள்.

கற்றை பென்சில் தடிமனுக்கு மேல் வேண்டாம். தளர்வாக இரண்டு சுற்று, பிறகு மெதுவாக இழுத்துக்கொண்டே விரலை விடுங்கள், முடி தானாகத் தண்டைச் சுற்றி ஓடும். அதே இடத்தில் இன்னும் இரண்டு மூன்று சுற்று, நூலை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே, முடியை அமுக்காமல். நூலை முன்னால் கொண்டுவந்து, முடியைப் பின்னால் நன்றாகத் தள்ளி நெருக்குங்கள். நெருக்காத முடியை எந்தப் பசையும் காப்பாற்றாது.

ஈரக்கைலி:
சுழல்வதற்கு என் பதில்: வெறும் தண்டில் கட்டாதீர்கள். முதலில் நூலால் ஒரு அடித்தளம் சுற்றுங்கள். வெறும் தண்டில் முடி சுலபமாக ஓடும் என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் கட்டி முடித்த பிறகும் ஓடும்.

வைஸ்வாத்தியார்:
ஈரக்கைலி சொல்வது அடுக்கிக் கட்டுவதற்குச் சரி, அதாவது மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறம். ஒரே நிறத்தைச் சுழற்றிக் கட்ட எனக்கு வெறும் தண்டுதான் பிடிக்கும். ஒவ்வொரு கற்றையையும் நெருக்கிய பிறகு முடியின் அடியில் ஊசிமுனையால் ஒரு துளி சூப்பர் குளூ, அவ்வளவுதான்.

ஈரக்கைலி:
சரி, இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் :) புதுமுள், நேரே பாஸ் ஃப்ளையில் கை வைக்காமல் முதலில் மட்லர் மின்னோ என்கிற மான் முடித் தலை ஃப்ளை சிலவற்றைக் கட்டிப் பாருங்கள். 1930களில் கனடாவின் நிப்பிகன் ஆற்று ட்ரௌட் மீனுக்காக டான் கேப்பன் கட்டியது. அவர் கட்டியதில் தலை இன்றைக்குப் பார்ப்பது மாதிரி கெட்டியாக இருக்காது, லூசாகத்தான் இருக்கும். அதனால் கொஞ்சம் சந்து விழுந்தாலும் பாதகமில்லை, முடி எப்படி ஓடுகிறது என்று கைக்குப் பிடிபட்டுவிடும்.

மேக்ரோமாமா:
போட்டோவுக்கு நான் வருகிறேன். தாள் சாம்பலாக வருவது கேமராவின் இயல்பு. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் அது கணக்குப் போடும். ஃப்ளையைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டிவிட்டு, எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரண்டு மடங்கு) ஏற்றுங்கள். அதைவிட எளிது, வெள்ளையை விட்டுவிட்டு வெளிர் சாம்பல் அல்லது வெளிர் நீல அட்டை. ஃப்ளைக்கும் அட்டைக்கும் ஒரு முழம் இடைவெளி விடுங்கள், நிழல் விழாது.

மஞ்சளும் ஆரஞ்சும் ஒன்றாகத் தெரிவது, ஜன்னல் வெளிச்சமும் மேசை விளக்கும் கலப்பதால் இருக்கலாம். ஏதாவது ஒன்றை அணையுங்கள். விளக்கு என்றால் ஒரே வகை இரண்டு, முன்னால் டிரேசிங் பேப்பர். ஒன்று பக்கவாட்டில் சற்றுப் பின்னாலிருந்து வரட்டும், அப்போதுதான் கறுப்பு முடியில் இழை இழையாக ஒளி பிடிக்கும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை நிறுத்தினால் இருட்டு குறையும்.

மேக்ரோ மோடு வேண்டாம். பல மொபைல்களில் அது அகலக்கோண லென்ஸுக்குத் தாவும், ஒட்டி எடுக்க வேண்டியிருக்கும், மொபைலின் நிழலே ஃப்ளை மேல் விழும், தலை பூசணி மாதிரி வீங்கும். பின்னால் தள்ளி நின்று 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸில் எடுத்து, வேண்டிய அளவு வெட்டிக்கொள்ளுங்கள். தள்ளி நின்றாலே வால் வரை தெளிவு வரும். ஃப்ளை மொபைலுக்கு இணையாகப் பக்கவாட்டில் இருக்கட்டும். 2 நொடி டைமர் கட்டாயம். பெரிய கேமரா என்றால் லென்ஸ் துளையின் அளவை எஃப்/11 பக்கம் வையுங்கள், எஃப்/16-ஐத் தாண்டினால் மொத்தப் படமும் மழுங்கும்.

முடிக்கு நடுவில் இருக்கும் சந்துகளை மறைக்க முன்பக்கத்திலிருந்து தட்டையான வெளிச்சம் அடித்தால் போதும். ஆனால் நான் நேர்மாறாகச் செய்யச் சொல்வேன். சீவுவதற்கு முன்பு, பின்னால் விளக்கு வைத்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எந்தக் கற்றைக்கு நடுவில் வெளிச்சம் ஒழுகுகிறதோ அங்கே நெருக்கவில்லை என்று அர்த்தம்.

புதுமுள்:
வாரிப் பார்த்தேன், இவ்வளவு பஞ்சு வரும் என்று நினைக்கவே இல்லை. ஜெல் ஸ்பன்னும் வந்துவிட்டது. இப்போது முடி முழுசாக விரிகிறது, ஒரு துளி குளூவுக்குப் பிறகு தலை அசையவில்லை. விளக்கைப் பின்னால் வைத்து எடுத்ததில் இரண்டாவது கற்றைக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு கோடு தெரிந்தது, அங்கே மறுபடி தள்ளினேன். நன்றி அண்ணா, நன்றி மாமா!

இரண்டு விஷயம் பாக்கி. சீவிய பிறகு ஒரு பக்கம் மேடு பள்ளமாக இருக்கிறது. அப்புறம் கறுப்பு முடியில் வெள்ளையாகப் பூத்தது மாதிரி ஏதோ, படத்தில் அசிங்கமாகத் தெரிகிறது. லென்ஸில் அழுக்கா?

வைஸ்வாத்தியார்:
மேடு பள்ளத்துக்கு: தோராயமாகச் சீவியதும் கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் சில நொடி காட்டுங்கள், இடுக்கியால் பிடித்து. மடங்கிக் கிடந்த முடியெல்லாம் நிமிரும், பிறகு இறுதியாகச் சீவலாம். முதலில் அடிப்பக்கத்தைத் தட்டையாக, தண்டை ஒட்டிச் சீவுங்கள், அங்கே முடி மிஞ்சினால் முள் மீன் வாயில் ஏறாது. இரண்டு பக்கக் கூர் உள்ள பிளேடை அதன் தாளுறையோடு நீளவாக்கில் ஒடித்து அரை பிளேடாக வைத்துக்கொண்டால் வளைத்துச் சீவ வசதி. மழுங்கினால் உடனே மாற்றுங்கள், மழுங்கியது முடியை வெட்டாது, இழுக்கும்.

மேக்ரோமாமா:
லென்ஸ் இல்லை, குளூதான். சூப்பர் குளூ காயும்போது அதன் ஆவி பக்கத்தில் வெள்ளையாகப் படியும், கறுப்பில் பளிச்சென்று தெரியும். இன்னும் குறைவாக வையுங்கள், காற்றோட்டத்தில் காயவிடுங்கள். கறுப்புக் கற்றைக்கு மட்டும் நீர்த்த ஹெட் சிமெண்ட் (ஃப்ளை தலைக்குப் பூசும் பசை) வைத்தாலும் சரி, மெதுவாகக் காயும் ஆனால் பூக்காது. படம் எடுக்கும் முன் ஒட்டு டேப்பால் தலையை ஒற்றி எடுங்கள், சீவிய தூள் எல்லாம் அதிலேயே வந்துவிடும்.