மறு: ஸ்பார்க் ப்ளக் ஃபெயிலியர் - தமிழ்ல என்ன போடலாம்?

> பழைய கார் பராமரிப்புக் கையேட்டுக்கு வேணும். 'பொறிச்செருகி செயலிழப்பு'ன்னு போட்டு முடிச்சிரலாமா?

ஐயா, வணக்கம்.

செருகி வரைக்கும் சரி, 'செயலிழப்பு'தான் இடிக்குது. இஞ்சினுக்குள்ள பொறி விட்டு பெட்ரோல பத்தவைக்கிற இந்த ப்ளக் தானா செத்துப்போறது கொஞ்சம்தான், செராமிக்ல விரிசல் விட்டா போயிரும், மத்தபடி பாதி நேரம் இஞ்சினுக்குள்ள நடக்குற வேற கோளாறு ப்ளக் மூக்குல வந்து உக்காந்துக்குது. புதுசு வாங்கி மாட்டிட்டு அடுத்த மாசமே மறுபடி மிஸ்ஸிங்னு வந்து நிப்பாங்க, கையேட்டுல ஒரே சொல்ல போட்டா படிக்கிறவரும் அதையேதான் செய்வார்.

கழட்டி நுனிய பாருங்க. காய்ஞ்ச கருப்புப் பொடியா, விரல்ல தேய்ச்சா ஒட்டுதா, அது கரி. பெட்ரோல் அதிகமா போகுது, சோக் (காத்த மறைக்கிற மூடி) முழுசா திறக்கல, இல்ல ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கு. அதே கருப்பு ஈரமா பிசுபிசுன்னு இருந்தா எண்ணெய், பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ஞ்சிருக்கு, இதுக்கு எத்தனை ப்ளக் மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல. அதனால 'கரிப்படிவு', 'எண்ணெய்ப்படிவு'ன்னு ரெண்டா பிரிக்கணும்ங்கிறது என் கட்சி. 'மாசடைதல்'னு பொதுவா போட்டா புகை பரிசோதனை ஞாபகம்தான் வருது.

கரி படிஞ்சா ஏன் பொறி வரலன்னும் ஒரு வரி சேருங்க. கரி மின்சாரத்த கடத்தும், அதனால கரண்ட் நுனியில இருக்குற இடைவெளிய தாண்டிக் குதிக்காம செராமிக் மேலயே வழிஞ்சு உலோக உடம்புக்கு போயிருது. நுனி கிட்டத்தட்ட 450, 500 டிகிரி செல்சியஸ் தாண்டினாத்தான் படிஞ்ச கரி தானா எரியும், பக்கத்துக் கடைக்கு மட்டுமே போய் வர்ற கார்ல அந்த சூடு வர்றதே இல்ல.

அடுத்து, ஹாட் ப்ளக், கோல்ட் ப்ளக்குக்கு முன்னாடி ஒருத்தர் சொன்ன 'சூட்டுச்செருகி, குளிர்ச்செருகி'. தயவுசெஞ்சு வேணாம். சூட்டுச்செருகின்னா பொறி சூடா வரும்னு நினைச்சுப்பாங்க, விஷயம் நுனியில இருக்குற வெப்பத்த எவ்வளவு வேகமா வெளிய தள்ளுதுங்கிறதுதான், வேகமா தள்ளினா குளிர், மெதுவா தள்ளினா சூடு. 'வெப்ப எண்'ணும் சரிப்படாது, என்ஜிகே கம்பெனி ப்ளக்ல எண் கூடினா குளிர் பக்கம், பாஷ் கம்பெனி ப்ளக்ல எண் கூடினா சூட்டுப் பக்கம், நேர் எதிர். நான் 'வெப்பந்தள்ளு தரம்'னு வைக்கிறேன். கரடுமுரடாத்தான் இருக்கு, தெரியும்.

மிஸ்ஃபயருக்கு (சிலிண்டர்ல பெட்ரோல் பத்தாம போறது), இக்னிஷனுக்கு ஏற்கனவே 'பற்றவைப்பு' இருக்குறதால அதே வேர்ல 'பற்றுத்தவறல்'. ப்ளக் நல்லா இருந்தும் பற்றுத்தவறல் வரலாம்ல, ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, காயில், எதுன்னாலும். அதனால காரணத்துக்கு ஒரு சொல், விளைவுக்கு ஒரு சொல்.

---

> செருகி வரைக்கும் சரி

தம்பி, நான்தான் அனுப்பினேன், இருந்தாலும் 'பொறி' இப்ப எனக்கே உறுத்துது. எந்திரமும் பொறி, எலிக்கு வைக்கிறதும் பொறி. 'தீப்பொறிச்செருகி'ன்னு நீட்டியே எழுதிடறேன், கையேட்டுல இடம் இருக்கு. படிவு ரெண்டும் எடுத்துக்கிட்டேன், பற்றுத்தவறலும் சரி. வெப்பந்தள்ளு தரம் வாய்ல நுழையல, வெறும் 'வெப்பத்தரம்' போட்டு கீழ விளக்கம் குடுத்துரலாம். நுனி தேய்ஞ்சு கேப் (இடைவெளி) அகலமாகுறதுக்கு என்ன சொல்றீங்க?

---

வெப்பத்தரம் ஓகே ஐயா, விளக்கம் மட்டும் விட்டுடாதீங்க.

கேப்புக்கு 'இடைவெளி அகலல்' போதும், புதுசா எதுவும் செய்ய வேணாம். பாயிண்ட் (பொறிக்காக கரண்ட்ட வெட்டிவிடற தொடுமுனை) வெச்ச பழைய இஞ்சின்ல பொதுவா 0.6, 0.7 மில்லிமீட்டர்னு வைப்பாங்க, அந்தந்த காரோட புத்தகத்துல இருக்குறதுதான் கணக்கு. மின்முனை தேய்ஞ்சு இடைவெளி கூடினா குதிக்க அதிக வோல்டேஜ் வேணும், ஐட்லிங்ல சமாளிச்சுரும், மேட்டுல ஏறும்போது ஆக்சிலேட்டர மிதிச்சா சிலிண்டர்ல அழுத்தம் ஏறி பொறி தாண்டாம உதறும். சந்தேகம்னா அந்த ப்ளக்க பக்கத்து சிலிண்டருக்கு மாத்திப் பாக்கச் சொல்லுங்க, உதறல் கூடவே போச்சுன்னா ப்ளக், அங்கயே நின்னுச்சுன்னா ஒயர்லேர்ந்து தேட ஆரம்பிக்கணும். இஞ்சின் ஆறினப்புறம் கழட்டணும்னும் போட்டுருங்க, அலுமினிய ஹெட்ல மரை போச்சுன்னா ப்ளக் விலையோட முடியாது.