மே அத்தையைக் கூப்பிட ஒரு பம்பைக்காரர் போதாதா?

வீட்டில் சாவு விழும் கதையை வகுப்பில் பிள்ளைகளுக்கு எடுக்கலாமா கூடாதா என்று ஆசிரியர்களுக்குள் இரண்டு பக்கமும் நிறையப் பேசியாகிவிட்டது. நான் எடுத்தேன், அதனால் நடந்ததைச் சொல்கிறேன். குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளி, எட்டாம் வகுப்பு, ஆங்கிலம். நாவல், சிந்தியா ரைலன்ட் எழுதிய ‘மிஸ்ஸிங் மே’. 1992இல் வெளிவந்து அடுத்த ஆண்டே, அமெரிக்காவில் சிறுவர் புத்தகத்துக்குக் கொடுக்கும் நியூபெரி பதக்கம் வாங்கியது. சின்னப் புத்தகம் என்பதால்தான் முதலில் கையில் எடுத்தேன். போர்ஷன் முடிக்கிற அவசரத்தில் பெரிய கதையெல்லாம் நம்ம பிரியேடில் தாங்காது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சம்மர் தாயில்லாப் பிள்ளை. ஒஹையோவில் சொந்தக்காரர் வீடு வீடாக மாறி மாறி வளர்கிறாள். ஆறு வயதில் மே அத்தையும் ஆப் மாமாவும் அவளை மேற்கு வர்ஜீனியா மலைப்பக்கம் இருக்கும் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். இருவருக்கும் வயதாகிவிட்டது, சொந்தப் பிள்ளை கிடையாது. ஆறு வருஷம் கழித்து மே தோட்டத்தில் இறந்துபோகிறாள். மாமா உடைந்துவிடுகிறார். மே தன் பக்கத்தில் வந்து நின்றதாக அவருக்குத் தோன்றுகிறது. ஆவிகளோடு பேசுகிற ஒரு பெண் போதகர் இருக்கிறார் என்று சம்மரின் வகுப்புப் பையன் கிளீட்டஸ் சொல்ல, மூவரும் காரில் கிளம்புகிறார்கள். போய்ப் பார்த்தால் அந்தப் போதகரம்மாவே இறந்துவிட்டிருக்கிறார்.

இந்த ஆவி விவகாரம்தான் எனக்குப் பயம். பெற்றோர் யாராவது சண்டைக்கு வந்தால் என்ன சொல்வது என்று பதில்கூடத் தயார் செய்துவைத்திருந்தேன். பிள்ளைகளுக்கோ அது ஒரு விஷயமாகவே படவில்லை.

“இதுக்குப் போயி அவ்ளோ தூரம் காரு எடுக்கணுமா மிஸ்? பம்பைக்காரரைக் கூப்பிட்டா இங்கயே அழைச்சிக் குடுப்பாரே” என்றாள் முன்பெஞ்சுப் பெண்.

அப்புறம் வகுப்பு என் கையில் இல்லை. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரியை அழைப்பார்கள். சுமங்கலியாக இறந்துபோன வீட்டுப் பெண்தான் பூவாடைக்காரி. நீர்க்கரையில் பம்பை, உடுக்கை அடித்துக் கூப்பிடுவார்கள். யார்மேலாவது வந்து இறங்கி உத்தரவு கொடுத்த பிறகுதான் மற்ற வேலை. ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

“எங்க அக்கா கல்யாணத்துக்கு எங்கம்மா வந்தாங்க மிஸ்” என்றான் கடைசி வரிசைப் பையன். அம்மா இல்லாத பிள்ளை என்று எனக்குத் தெரியும். அதுவரை அவன் அதைப் பற்றி வாயைத் திறந்ததே இல்லை.

“இன்னா சொன்னாங்க?” பக்கத்தில் இருந்தவன் கேட்டான்.

“எல்லாரும் சாப்ட்டீங்களான்னு கேட்டாங்க. எங்கம்மா எப்பவும் அதான் கேப்பாங்க.”

நான் இதையெல்லாம் நம்புகிறேனா என்று யாரும் கேட்கவில்லை. நானும் அங்கே அறிவியல் பாடம் எடுக்கப் போகவில்லை.

அவர்கள் முட்டிக்கொண்டு நின்றது வேறு இடத்தில். சம்மர் ஏன் அழவே இல்லை? மாமாவும் போய்விடுவாரோ என்ற கவலையிலேயே அவளுக்கு நாள் ஓடுகிறது. கதை முடியப்போகிற நேரத்தில், ஊர் திரும்பிய இரவு, தலைக்கு மேலே ஓர் ஆந்தை பறந்துபோகும்போதுதான் உடைந்து அழுகிறாள். “அதுவரைக்கும் ஒப்பாரி வைக்க யாருமே வர்லியா மிஸ்?” தெருவே கூடிக் கட்டிப்பிடித்து அழுவதையும், மேளத்தையும், காரியத்தன்று கர்ணன் சாவைச் சொல்லி விடிய விடிய நடக்கும் கர்ண மோட்சக் கூத்தையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஒரு கிழவரும் ஒரு பெண்ணும் ஆளுக்கொரு மூலையில் துக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவர்களுக்குப் பயமாக இருந்தது. ஆவியெல்லாம் இல்லை.

ஆனால் நம்ம ஊர் வழக்கத்தை ரொம்பவும் தூக்கிப் பேசவும் முடியாது. காரியம் முடிந்த மறுநாளிலிருந்து தாத்தா பேரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை, எடுத்தால் பாட்டி எழுந்து போய்விடுகிறார் என்று ஒரு பெண் சொன்னாள். அவளுக்கும் சம்மர் கதைதான்.

நாவலில் ஆப் மாமா காற்றில் சுற்றும் காற்றாடிப் பொம்மைகள் செய்கிறவர். சொர்க்கம், புயல், மே என்று மனதில் இருப்பதையெல்லாம் காற்றாடியாக்குவார். நீங்களும் செய்து கொண்டுவாருங்கள் என்றேன். அந்தப் பெண் தீப்பெட்டி அட்டையை ஒட்டி, தறியில் ஓடும் நாடா வடிவத்தில் இறக்கைகள் செய்திருந்தாள். தாத்தா லுங்கி நெய்தவர். ஓர் இறக்கை கனமாகிப்போய் சரியாகச் சுற்றவில்லை. சுண்டிவிட்டால் பாதி சுற்றி நின்றுவிடும். சரி செய்யலாமா என்றதற்கு, “தாத்தா தறியும் இப்படித்தான் நின்னு நின்னு ஓடும்” என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

எடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. வீட்டில் சமீபத்தில் இழப்பு நடந்த பிள்ளைகளிடம் முன்கூட்டியே தனியாகக் கதையைச் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பிரியேடில் நூலகத்தில் உட்காரட்டும். எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், உதவித்தொகைப் படிவத்துக்காக “அப்பா இல்லாதவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க” என்று வகுப்பு வகுப்பாகக் கேட்டுக்கொண்டு போவார்கள். நாவல் பிள்ளைகளின் மனதைப் புண்படுத்தும் என்று யாராவது சொன்னால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

*

ஆரணியிலிருந்து ஒரு தமிழாசிரியர்:

டீச்சர், நல்ல அனுபவம்தான். ஆனால் கர்ண மோட்சம் தெரிந்த பிள்ளைகளுக்கு அமெரிக்க நாவல் எதற்கு? 1989இல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டானது, அப்புறம் 2019இல் வேலூரும் மூன்றானது. கூத்து மட்டும் பிரியவே இல்லை. நான் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டத்தை ஒன்பதாம் வகுப்பில் நடிக்க விட்டேன். ஒரு பையன் நடுவில் எழுந்து வெளியே போனான், அன்று முழுக்கத் திரும்பவில்லை. அவன் அப்பா காரியத்தில் அதே கூத்துதான் நடந்ததாம், பிறகுதான் தெரிந்தது. அதனால் தெரிந்த கதை என்றால் வலிக்காது என்றும் சொல்லமாட்டேன்.

*

சார், நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். அந்தப் பையனுக்குக் கர்ண மோட்சம் அவன் அப்பாவின் சாவு. மே அத்தை யாரோ ஒருத்தி. யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசுகிற சாக்கில்தான் எங்கள் பையன் அவன் அம்மாவைப் பற்றிப் பேசினான். கூத்தையும் விடவேண்டாம், அடுத்த வருஷம் நானும் எடுக்கலாம் என்றிருக்கிறேன், எந்தக் கட்டத்தை வெட்டினீர்கள் என்று எழுதுங்கள். புத்தகம் கேட்டவர்களுக்கு: என்னிடம் இருப்பது ஒரே பிரதி, இப்போது பேரணாம்பட்டில் ஒரு டீச்சரிடம் இருக்கிறது. அவர் முடித்ததும் ஆம்பூருக்கு, அப்புறம் உங்களுக்கு.