500 யூனிட்டைத் தாண்டும் வீடு: என்ன மானியம் கிடைக்கும்? சோலார் போட்டால் மின்வெட்டில் உதவுமா?

மாடிவீடு:
தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு, இரண்டு மாதத்துக்கு ஒரு பில். கோடையில் இரண்டு பில்கள் 540 யூனிட் அளவில் வருகின்றன, மற்ற நான்கும் 380ஐ ஒட்டி. 100 யூனிட் இலவசத்துக்கு மேல் அரசு உதவி ஏதாவது உண்டா? வீட்டுக் கூரை சோலாருக்கு மத்திய அரசு தரும் பி.எம். சூர்ய கர் மானியத்தில் 2 கிலோவாட் போடச் சொல்கிறார்கள், அவ்வளவு தேவையா? கரண்ட் போனால் அது ஓடுமா?

அட்டைக்கணக்கு:
இன்னொரு மானியம் இருக்கிறது. பில்லில் தனியாகத் தெரியாததால் பலர் கவனிப்பதில்லை. மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை பாதி விலைதான். 2024 ஜூலை விகிதப்படி அது 2.35 ரூபாய். அடுத்து 400 வரை 4.70, 500 வரை 6.30. 500ஐத் தாண்டினால் அந்தப் பாதி விலை போய்விடும். 101 முதல் 400 வரை முழுக்க 4.70, 500 வரை அதே 6.30, 501 முதல் 600 வரை 8.40. (2025 ஜூலை உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது.)

500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501க்கு 2,048.40. உங்கள் 540க்கு 2,376. அதாவது கடைசி 40 யூனிட்டுக்கு மட்டும் 571 ரூபாய், யூனிட் 14 ரூபாய்க்கு மேல். ஆகவே முதல் வேலை சோலார் இல்லை, அந்த 40 யூனிட்டைக் குறைப்பது.

பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் 60 நாளில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். அதிகம் ஓடும் இரண்டை மாற்றினாலே 500க்குள் வந்துவிடுவீர்கள். ஏ.சி. இருந்தால் 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சமாகும்.

ரீடிங் தேதியையும் பாருங்கள். தினம் 8.2 யூனிட் செலவாகும் வீட்டில் 60 நாளில் எடுத்தால் 492 யூனிட், 1,754.60 ரூபாய். மூன்று நாள் தள்ளிப் போனால் 516, பில் 2,174.40. அந்த மூன்று நாளுக்கு 420 ரூபாய் போகிறது! 60ஆம் நாள் மீட்டரைத் தேதி தெரியப் படம் எடுத்து வையுங்கள். கணக்கெடுக்க வருபவர் தாமதித்தால் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987இலும் பதியலாம். அங்கும் தீராவிட்டால் வட்ட அளவிலான மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் மின்குறைதீர்ப்பாளர்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒன்று: இலவச யூனிட்டும் பாதி விலையும் மின்வாரிய இணைப்புக்குத்தான். உரிமையாளர் வைத்த சப்-மீட்டருக்குத் தனியாக வராது. மூன்று வீட்டுக்கு ஒரே இணைப்பு என்றால் மூன்று பேருக்கும் சேர்த்தே 100 யூனிட். தனிச் சமையலறையோடு தனிக் குடியிருப்பாக இருந்தால் தனி இணைப்புக்கு உரிமையாளர் விண்ணப்பிப்பதே சரி.

கூரைசோலார்:
2 கிலோவாட் வேண்டாம் என்பேன். நம்மூரில் 1 கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், இரண்டு மாதத்தில் 240. உங்கள் 540 யூனிட் பில் 300 யூனிட் ஆகும், 2,376 ரூபாய் 705 ஆகும். 380 பில் 140 ஆகும், 1,081 ரூபாய் 94 ஆகும். ஆண்டுக்கு 7,290 மிச்சம். இரண்டாவது கிலோவாட் போட்டால் கூடுதலாகக் கிடைப்பது 1,786 மட்டுமே, ஏனென்றால் முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். விற்பவர் காட்டும் தாளில் எல்லா யூனிட்டையும் 8 ரூபாய் என்று பெருக்கியிருப்பார். அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். மின்வாரியக் கம்பியைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணம் பிடித்தால் இந்த மிச்சம் இன்னும் குறையும். பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, உச்சம் 78,000. 1 கிலோவாட்டுக்கு மானியம் போக உங்கள் கைக்காசு 40,000 என்றால் ஐந்தரை ஆண்டில் திரும்பும்.

வழி இதுதான்: இந்தத் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணோடு பதிவு, ஒப்புதல், அங்கே பதிவான நிறுவனத்தை வைத்துப் பொருத்துதல், வாங்கும் யூனிட்டையும் வெளியே அனுப்பும் யூனிட்டையும் கணக்கிடும் இருவழி மீட்டர், ஆய்வு, கடைசியில் உங்கள் வங்கிக் கணக்குக்கே பணம். 10 கிலோவாட் வரை, மின்வாரியக் கம்பி அதைத் தாங்குமா என்று பார்க்கும் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை.

சிக்குவது எங்கே தெரியுமா? இணைப்பு இறந்துபோன அப்பா பெயரில் இருக்கும், விண்ணப்பம் மகன் பெயரில் போகும். முதலில் பெயர் மாற்றம் செய்யுங்கள். அடுத்தது பேனல். பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் தயாரானவையாக இருந்தால்தான் மானியம். மலிவு என்று இறக்குமதிப் பேனலை மாட்டினால் பணம் வராது. பில்லில் வரிசை எண்களை எழுதி வாங்குங்கள். பேனல் தெற்கு பார்த்து, 10 முதல் 13 டிகிரி சாய்வில், தண்ணீர்த் தொட்டி நிழல் விழாத இடத்தில். ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க உற்பத்தி விழும்.

மாடிவீடு:
1 கிலோவாட் போதும் என்று புரிகிறது. மின்வெட்டுக்கு?

இன்வெர்ட்டர்வேலை:
இந்தத் திட்டத்தில் வழக்கமாகப் போடும் ஆன்-கிரிட் சோலார் (பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைந்தது), கரண்ட் போன நொடியில் தானும் நின்றுவிடும், உச்சி வெயிலிலும். அது பழுதல்ல. கம்பத்தில் வேலை செய்பவர் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாயாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். மின்வெட்டிலும் ஓட, சோலார், பேட்டரி, மின்வாரியக் கம்பி மூன்றோடும் வேலை செய்யும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். பேட்டரிக்குத் தனி மானியம் கிடையாது.

இரண்டு, மூன்று மணி நேர வெட்டுக்குச் சாதாரண இன்வெர்ட்டரே போதும். 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியில் 1,800 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். அந்தப் பாதியில் இழப்பும் போகக் கையில் 750 வாட்-மணி. பழைய ஃபேன் இரண்டு, 9 வாட் பல்பு நான்கு சேர்ந்து 186 வாட், நான்கு மணி நேரம். அதே இரண்டு பி.எல்.டி.சி. ஃபேனாக இருந்தால் 96 வாட், ஏழரை மணி நேரத்துக்கு மேல். மேலே சொன்ன ஃபேன் மாற்றம் இங்கேயும் பலன் தரும்.

பேட்டரியில் எடுத்த ஒரு யூனிட்டை நிரப்ப ஒன்றே கால் யூனிட்டுக்கு மேல் ஓடும். 490இல் நிற்கும் வீடு இதனாலேயே 500ஐத் தாண்டலாம், அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பேட்டரியில் வாலைவடிநீர் (டிஸ்டில்ட் வாட்டர்) தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். குழாய்த் தண்ணீரில் தட்டுகள் கெட்டுப்போகும்.