மறு: செக்குலர் சைக்கிள் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். வரலாற்று ஆய்வில் "செக்குலர் சைக்கிள்" (secular cycle) என்று வழங்கும் கலைச்சொல்லுக்குத் தமிழ் தேடி வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ஒரு மொழிபெயர்ப்பில் "மதச்சார்பற்ற சுழற்சி" என்று பார்த்தேன். சரிதானா?

சரியில்லை. ஆனால் சிரித்துவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. அகராதியில் முதலில் நின்ற பொருளை எடுத்துப் போட்டுவிட்டார், பாவம். செக்குலருக்கு வேரான இலத்தீன் சொல் சேக்குலும் என்றால் நீண்டதோர் ஆயுள்: இன்று உயிரோடிருப்பவர் அத்தனை பேரும் போய்ச்சேர ஆகும் காலம். ரோமர்கள் அதை 100 ஆண்டு என்றும் 110 ஆண்டு என்றும் கணக்கிட்டு விழா எடுத்தார்கள். பேரரசர் அகஸ்டஸ் எடுத்தது கி.மு. 17இல். மதம் சாராமை என்ற பொருள் பின்னால் கிளைத்தது. வரலாற்றைக் கணித மாதிரிகளால் ஆராயும் பீட்டர் துர்ச்சின் வழியினர் இந்தச் சொல்லால் குறிப்பது வேறு: மக்கள்தொகை பெருகுகிறது, கூலி குறைகிறது, பதவிக்கு முட்டிமோதும் மேட்டுக்குடியினர் மிகுகிறார்கள், கருவூலம் வற்றுகிறது, உள்நாட்டுச் சண்டை மூள்கிறது. இப்படி ஒரு முறை ஏறி இறங்க இரண்டு மூன்று நூற்றாண்டு ஆகிறது என்கிறார்கள்.

> "ஊழிச் சுழற்சி", "நெட்டலை" இரண்டில் ஒன்று?

ஊழி மிகப் பெரிது, உலகமே முடிந்துபோகும். நெட்டலை நல்ல சொல்தான், ஆனால் வானொலிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். பொருளாதாரத்திலும் ருஷ்ய அறிஞர் கொண்ட்ராத்தியெவ் சொன்ன சுமார் 50 ஆண்டு அலைக்கு அது வேண்டியிருக்கும். "ஏற்றத்தாழ்வு" கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். சமத்துவமின்மைக்கு அதை எழுதிக்கொடுத்துவிட்டோம்.

எனக்கு உண்மையான தகராறு "சுழற்சி"யோடுதான். சுழல்வது புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். நாகரிகங்கள் அப்படி வந்து நின்றனவா என்பதுதானே கேள்வி? விடையைக் கலைச்சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டால் பிறகு விவாதம் எதற்கு? கிரேக்கத்தைப் பாருங்கள். கி.மு. 1200ஐ ஒட்டி அரண்மனைகள் எரிந்தன. அவற்றோடு லீனியர் பி என்ற அன்றைய கிரேக்க எழுத்தும் போயிற்று. ஏறத்தாழ 400 ஆண்டு அங்கே எழுத்தே இல்லை. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் எழுத்து மறுபடி வந்தபோது பழையது திரும்பவில்லை; பினீசியரிடம் கடன் வாங்கி, உயிரெழுத்துகளைச் சேர்த்துக்கொண்ட புது நெடுங்கணக்கு வந்தது. முன்னது சுமார் 90 அசைக்குறிகள், அரண்மனைக் கணக்கர் மட்டுமே அறிந்தது. பின்னதில் இருபத்துச் சொச்சம் எழுத்து. குடிக்கிற கிண்ணத்தில்கூடக் கீறிவைத்தார்கள். இறங்கியது உண்மை, ஏறியதும் உண்மை. ஆனால் ஏறியது வேறொரு படிக்கட்டில்.

ஆகவே என் முன்மொழிவு: வளர்தேய்வு. செக்குலருக்குத் தனியாக அடைமொழி தேட வேண்டாம், இந்த நூற்றாண்டுக் கணக்கான அசைவுக்கே சொல்லை ஒதுக்கிவிடலாம்.

> வளர்பிறை தேய்பிறைக்கு நாள் கணக்கு உண்டே! அதுவும் சுழற்சிதானே?

நிலவுக்கு உண்டு, சொல்லுக்கு இல்லை. கத்தி தேய்கிறது, செருப்பு தேய்கிறது. அவை திரும்ப வளரும் என்று யாரும் காத்திருப்பதில்லை.

தேய்வு மெல்ல நிகழ்வது. திடீர் இடிவுக்கு, கொலாப்ஸ் என்கிறார்களே, அதற்கு வேறு சொல் வேண்டும். "அழிவு" ஒத்துவராது. நடு அமெரிக்க மாயர்களின் திக்கால் நகரில் கடைசியாக ஆண்டு பொறித்துக் கல் நட்டது கி.பி. 869இல், மாயர் மொழிகளைப் பேசுவோர் இன்றும் பல லட்சம் பேர். ஆட்கள் அழியவில்லை, அவர்களைச் சேர்த்துப் பிடித்திருந்த அமைப்புதான் குலைந்தது. அதனால் கட்டுக்குலைவு. "கட்டுக்குலையாத உடம்பு" என்று நாம் சொல்வதுதான், புதிதாக எதையும் உருட்டவில்லை.

இதை எழுதும்போது இன்னொன்றும் கைக்கு வந்தது. அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் 1377இல் அரசகுலங்களுக்கு மூன்று தலைமுறை, 120 ஆண்டு ஆயுள் போட்டவர். குலங்களை எழுப்புவதும் நலிந்தால் சரிப்பதும் அசபிய்யா, அதாவது குழுவைச் சேர்த்துப் பிடிக்கும் ஒற்றுமையுணர்வு என்றார். அதற்கு "இனப்பற்று" என்று எழுதி வருகிறோம். அந்த அரபு வேருக்குக் கட்டுதல் என்று பொருள். அப்படியானால் கட்டுக்கோப்பு என்றே எழுதலாமே! கட்டுக்கோப்பு, கட்டுக்குலைவு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்.

ஒரு குறை எனக்கே தெரிகிறது. "வளர்தேய்வுறுதல்" என்று வினையாக்கினால் காது கூசுகிறது. பெயராக மட்டும் வைத்துக்கொண்டு, வினை வரும் இடத்தில் "வளர்ந்து தேய்ந்தது" என்று பிரித்தே எழுதுவது என் கட்சி. எதிர்க்கட்சியார் வரலாம்.