ஆச்சியின் 80ஆவது பிறந்தநாள்: குடும்பக் குழு

முத்துப் பெரியப்பா: ஜூலையில் ஆச்சிக்கு 80 நிறைகிறது. எல்லோராலும் பாளையங்கோட்டைக்கு வர முடியாது. இணையத்தில் நடத்திவிடலாம். வெபினார் வசதியை ஒரு மாதத்துக்கு வாங்கட்டுமா?

கயல் (சிங்கப்பூர்): வேண்டாம் பெரியப்பா. வெபினாரில் மேடையில் இருப்பவர்கள் மட்டும்தான் தெரிவார்கள். பார்க்கிறவர்களின் முகம் தெரியாது. கேள்வி இருந்தால் தட்டச்சு செய்யலாம். ஆச்சி யாரைப் பார்ப்பார்கள்?

முத்துப் பெரியப்பா: எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் காதில் விழாதே அம்மா.

கயல்: வருமான வரியைப் பற்றி ஓர் ஆடிட்டர் 500 பேருக்கு விளக்குகிறார் என்றால் வெபினார்தான் சரி. நமக்கு வேண்டியது மெய்நிகர் நிகழ்வு. வந்தவர்கள் தங்களுக்குள்ளும் பேசிக்கொள்ள வேண்டும். 2020 டிசம்பரில் மியூசிக் அகாடமி இசை விழாவே இணையத்தில்தானே நடந்தது? அத்தை பார்த்தார்களே!

செல்வி அத்தை: பார்த்தேன். பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால், "இது என்ன ராகம்?" என்று கேட்கப் பக்கத்தில் ஆளில்லை. கேண்டீன் பேச்சும் இல்லை. எனக்குப் பாதி விழாதான் கிடைத்தது.

கயல்: அந்த மீதிப் பாதிக்காகத்தான் இணைய மாநாடுகளில் தனி அறைகள், கண்காட்சி அரங்குகள் எல்லாம் வைக்கிறார்கள். அதற்குள் ஓர் அங்கமாக வெபினாரும் நடக்கும். நமக்குச் சாதாரண ஜூம் கூட்டமே போதும். அதில் பிரேக்அவுட் அறைகள், அதாவது வந்தவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துத் தனியாகப் பேசவிடும் வசதி உண்டு, வெபினாரில் கிடையாது. முதலில் எல்லோரும் ஒன்றாக வாழ்த்துவோம். பிறகு ஆச்சியின் பள்ளித் தோழிகள் ஓர் அறை, பேரன் பேத்திகள் ஓர் அறை. ஆச்சி இரண்டுக்கும் போகட்டும்.

குமரன் (டொராண்டோ): இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் நின்றுவிடும். என்னிடம் கட்டணக் கணக்கு இருக்கிறது, நானே தொடங்குகிறேன். அங்கே மாலை 7 மணி என்றால் எனக்குக் காலை 9.30, கயலுக்கு இரவு 9.30.

முத்துப் பெரியப்பா: 12 பேர் பேசுவதாகப் பட்டியல் எழுதிவிட்டேனே?

கயல்: மூன்று பேர் போதும், பெரியப்பா. மற்றவர்கள் அறைக்குள் ஆச்சியிடமே நேராகப் பேசட்டும். தோழிகளோடு பேசித்தான் ஆச்சிக்கு எத்தனை வருடம் ஆகிறது!

முத்துப் பெரியப்பா: சரி, வெபினார் வாங்கவில்லை. ஆச்சி பக்கத்தில் நான் உட்கார்ந்து அறை மாற்றிக் கொடுக்கிறேன். கடையத்துச் சின்ன ஆச்சியிடம் ஸ்மார்ட்போன் இல்லையே?

செல்வி அத்தை: நான் தென்காசியிலிருந்து போய்விடுகிறேன். அங்கே சிக்னல் எப்படி என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.