பிரசவ வார்டில் தண்ணீர் வராத ராத்திரி: ஏழை நாடுகளில் வேலை பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

நாஞ்சில் சிஸ்டர்:

2016-லிருந்து இரண்டரை வருஷம் மலாவியில் ஒரு மாவட்ட மருத்துவமனையின் பிரசவ வார்டில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கிருந்த நர்சுகள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், குறை அவர்கள்மேல் இல்லை.

முதல் நாள் என்னை அதிரவைத்தது வலியோடு வரும் பெண்களின் பைதான். உள்ளே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் ஷீட், காகிதம் பிரிக்காத பிளேடு, தொப்புள்கொடி கட்ட நூல், இரண்டு மூன்று சிடென்ஜே. சிடென்ஜே என்றால் அங்கே பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் அச்சடித்த பருத்தித் துணி, நம் கைலிக்கு அக்கா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்கு பிளேடைக்கூட நோயாளியா வாங்கி வரவேண்டும் என்று எனக்கு ஒரே ஆத்திரம். ஒரு வாரம் கழித்துத்தான் அந்தப் பையின் அருமை புரிந்தது. ஒரு கட்டிலில் ஒரு ராத்திரிக்குள் மூன்று பேர் பெற்றெடுப்பார்கள். முன்னால் படுத்தவளின் ரத்தம் அடுத்தவள்மேல் படாமல் காப்பது அந்த இரண்டு முழ பிளாஸ்டிக்தான். பிரசவத்தில் ஆறு சுத்தம் என்று படித்திருப்போம்: கை, பிறப்புறுப்பு, விரிப்பு, பிளேடு, நூல், தொப்புள். விரிப்பும் பிளேடும் நூலும் பையிலேயே வந்துவிடும். மிச்சத்துக்குத் தண்ணீர் வேண்டும்.

அக்டோபரில் அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் தொட்டி காலி. அதற்காகத்தான் வார்டில் ஒரு வெரோனிகா வாளி வைத்திருந்தோம். கானாவைச் சேர்ந்த வெரோனிகா பெக்கோ உருவாக்கியது; மூடி போட்ட வாளி, அடியில் ஒரு குழாய், கீழே அழுக்குத் தண்ணீர் பிடிக்க ஒரு பேசின். யாரும் தண்ணீருக்குள் கை விட முடியாது என்பதுதான் அதில் விசேஷம். எங்கள் வாளியின் குழாய் ஒரு நாள் சாயங்காலம் உடைந்துவிட்டது. அந்த ராத்திரி நாலு பிரசவம்.

வேறு வழியில்லாமல் மூடியைத் திறந்து மக்கை முக்கி எடுத்துக்கொண்டிருந்தேன். துப்புரவு வேலை பார்க்கும் அம்மா அதைப் பார்த்துவிட்டு வந்து மக்கைப் பிடுங்கிக்கொண்டார். "அமாயி, நீங்கள் தொடாதீர்கள், நான் ஊற்றுகிறேன்." (சிச்சேவா மொழியில் பெண்களை மரியாதையாக 'அமாயி' என்பார்கள், அம்மா என்று அர்த்தம். முதல் தடவை கேட்டபோது நம்ம ஊர்க்காரர் யாராவது கூப்பிடுகிறார்களோ என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன்.) விடியும்வரை அவர்தான் ஊற்றினார். விரல் இடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு என்று நான் முழுதாகத் தேய்த்து முடிக்கும்வரை ஊற்றுவதை நிறுத்தமாட்டார். அவசரத்தில் கையை இழுத்தால் மக்கைச் சாய்த்தபடியே அசையாமல் நிற்பார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. நானே கையைத் திரும்ப நீட்டினேன்.

அந்த வாரம் பெற்றவர்களில் ஒருத்தி ஐந்தாம் நாள் குளிர் காய்ச்சலோடு திரும்பி வந்தாள். அடிவயிற்றைத் தொடவிடவில்லை, தீட்டில் நாற்றம். ஆம்பிசிலின், ஜென்டாமைசின், மெட்ரோனிடசோல் மூன்றும் ஏற்றி ஒன்பது நாளில் எழுந்து நடந்தாள். கிருமி யார் கையிலிருந்து போயிற்று என்று தெரியாது. என் கையாகவும் இருக்கலாம்.

லேப்காரன்:

சிஸ்டர், தண்ணீர் இல்லாத ஊரில் கைக்கு ஆல்கஹால்தான் கதி. நான் உகாண்டாவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி லேபில் இருந்தபோது நாங்களே காய்ச்சினோம் (அந்தக் காய்ச்சல் இல்லை, கலந்தோம்). உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு எனக்கு இன்னும் மனப்பாடம். பத்து லிட்டருக்கு 96 சதவீத எத்தனால் 8,333 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, கிளிசரின் 145 மில்லி, மீதிக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். பாட்டிலில் ஊற்றி 72 மணி நேரம் தொடாமல் வைக்கவேண்டும். ஆல்கஹாலுக்குச் சாகாத ஸ்போர்கள் (சில கிருமிகள் எடுக்கும் விதை மாதிரியான கெட்டி வடிவம்) பாட்டிலில் இருந்தால் அதற்குள் பெராக்சைடு பார்த்துக்கொள்ளும்.

முதல் தடவை, கை மெத்தென்று இருக்கட்டுமே என்று கிளிசரினை இரண்டு பங்காக்கிவிட்டேன். மிட்வைஃப்கள் ஒருத்தரும் தொடவில்லை. கை பிசுபிசுவென்று இருந்ததால் கிளவுஸ் ஏறவில்லையாம். ஐந்து லிட்டர் வீண்.

மாலியின் தலைநகர் பமாகோவில் ஒரு பெரிய மருத்துவமனையில் இதையே முறையாகச் செய்து அளந்தும் பார்த்தார்கள். கை சுத்தம் செய்யவேண்டிய தருணங்களில் உண்மையிலேயே செய்தது முன்பு 8 சதவீதம், பிறகு சுமார் 22 சதவீதம். 22-தானா என்று சிரிக்கலாம். எட்டைப் பார்த்தவனுக்கு அது பெரிய எண். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கையில் ரத்தம் இருந்தால் இது உதவாது, சோப்பும் தண்ணீரும்தான்.

தராய்வாசி:

என் கதை நேபாளத்தில். நாடு இன்னும் உலக வங்கியின் ஏழை நாடுகள் பட்டியலில் இருந்த காலம், தெற்கே தராய் சமவெளியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தேன். வேலையில் சேர்ந்த அன்றைக்கே, "பிறந்த குழந்தைக்குத் தொப்புளில் நாவி மலம் வைக்கிறோம்" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை நிறுத்தத்தானே வந்திருக்கிறோம் என்று கேட்டே விட்டேன். அறையே சிரித்தது. நேபாளியில் 'மலம்' என்றால் களிம்பு. நாவி என்றால் நம்ம நாபிதான். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் களிம்பு, மூன்று கிராம் டியூப், பிறந்தவுடன் ஒரே ஒரு தடவை.

அந்தக் களிம்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. தராயில் தொப்புளுக்குக் கடுகெண்ணெய் தடவுவது வழக்கம். மஞ்சள், சாம்பலும் உண்டு. அங்கேயே சர்லாஹி மாவட்டத்தில் 2002 முதல் 2005 வரை ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் ஆராய்ந்தார்கள். குளோர்ஹெக்சிடினால் தொப்புளைத் துடைத்த குழந்தைகளில் இறப்பு 24 சதவீதம் குறைவு. முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கியவர்களில் 34 சதவீதம். அப்புறம் 2011-லிருந்து நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். கொண்டுபோனது யார் தெரியுமா? ஊருக்கு ஊர் இருக்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள், மொத்தம் ஐம்பதாயிரம் பேர் வரை. சம்பளம் கிடையாது.

அப்படி ஒரு அக்காவோடு ஒரு வீட்டுக்குப் போனேன். மாமியார் கிண்ணத்தில் எண்ணெயைச் சுடவைத்துக்கொண்டு தயாராக இருந்தார். எண்ணெய் வைக்காவிட்டால் தொப்புள் காய்ந்து வெடித்துவிடும் என்பது அவர் வாதம். நானாக இருந்தால் கிருமி, நோய் என்று ஆரம்பித்து அங்கேயே சண்டையாகியிருக்கும். அந்த அக்கா கிண்ணத்தில் விரலை விட்டு, "சூடு சரியாக இருக்கிறது, கால் கைக்கு நன்றாகத் தேய்த்து விடுங்கள்" என்றார். பிறகு டியூப்பைத் திறந்து மாமியாரின் கையிலேயே கொடுத்துவிட்டார். முதலில் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லி, கொடியின் நுனியில், அடியில், சுற்றியுள்ள தோலில் என்று அந்தப் பாட்டியின் விரலாலேயே தடவவைத்தார். பேரனுக்கு மருந்து வைத்தது பாட்டி. அதற்குமேல் யார் எண்ணெய் வைப்பார்கள்?

கிராமத்து டாக்டர்:

தராய்வாசி, கதை அருமை. ஆனால் படிப்பவர்கள் எல்லா ஊருக்கும் டியூப் வாங்கக் கிளம்பிவிடக் கூடாது. இதே ஆராய்ச்சியை ஜாம்பியாவிலும் தான்சானியாவின் பெம்பா தீவிலும் செய்தார்கள், 2016-ல் முடிவு வந்தது. இறப்பு குறையவில்லை. கொடியைச் சுத்தமாக, உலர்வாக விட்டாலே போதும் என்பதுதான் பொதுவான அறிவுரை. சாணி மாதிரி கெடுதலானதை வைக்கும் வழக்கம் இருக்கும் இடங்களுக்கு மட்டும் குளோர்ஹெக்சிடின் என்று உலக சுகாதார நிறுவனமும் 2022-ல் சொல்லிவிட்டது.

இன்னொன்று, நான் கண்ணால் பார்த்தது. ஆப்பிரிக்காவில் நான் இருந்த ஒரு சுகாதார நிலையத்தில் பிரசவ மேசைக்குப் பக்கத்தில் ஒரே டிரேயில் இரண்டு சின்ன டியூப். ஒன்று பிறந்த குழந்தையின் கண்ணுக்கு டெட்ராசைக்ளின், மற்றது தொப்புளுக்குக் குளோர்ஹெக்சிடின். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே நிறம். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் நானே மாற்றி எடுத்துவிட்டேன். மூடியைத் திறக்கும்போது வாசனை வேறாக இருந்ததால் தப்பித்தேன், குழந்தையும் தப்பித்தது. மறுநாள் தொப்புள் டியூப் இன்னொரு அறையின் அலமாரிக்குப் போனது. இது என் ஒருவன் கதை இல்லை. சகாராவுக்குத் தெற்கே ஒன்பது நாடுகளில் குளோர்ஹெக்சிடின் தவறுதலாகக் கண்ணில் பட்டுக் கண் புண்ணான குழந்தைகள் உண்டு, சிலருக்குப் பார்வையே பறிபோனது, அதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டார்கள்.

தராய்வாசி:

சரி டாக்டர், ஒத்துக்கொள்கிறேன். கடுகெண்ணெய் இல்லாத ஊரில் அந்த டியூப்புக்கு வேலை குறைவுதான்.

ஓய்வுபெற்ற வி.எச்.என். (கிராம சுகாதாரச் செவிலியர்):

பிள்ளைகளா, இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு எண்பதுகளின் ராமநாதபுரம் பக்கம் நினைவு வருகிறது. நாமும் அப்போது ஏழை நாடுதானே. அரிவாளால் கொடி அறுத்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். பிறந்த இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை அப்புறம் காம்பைப் பிடிக்காது. வாய் இறுகிவிடும். கதவு டமாரென்று சாத்தினாலே உடம்பு வில்லாக வளையும். ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது சைக்கிள் மிதிக்கக் காலில் வலு இருக்காது.

கர்ப்பத்தில் அம்மாவுக்கு இரண்டு டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டால் அதன் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்விடும். ஆனால் ஊசி போட்டால் மறுபடி பிள்ளை உண்டாகாது என்று ஒரு புரளி, கதவைச் சாத்திக்கொள்வார்கள். 1988-ல் உலகம் முழுக்க இந்த நோயில் ஏழே முக்கால் லட்சத்துக்கும் மேல் பச்சைக் குழந்தைகள் போனதாகக் கணக்கு. இந்தியாவில் ஒழிந்தது என்று 2015-ல் அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்த அன்று வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மருமகள், "சரி அத்தை" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நாஞ்சில் சிஸ்டர்:

அம்மா, உங்கள் மருமகளைத் திட்டாதீர்கள். பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

தொற்று என்றவுடன் நான் கையையும் பிளேடையுமே சொன்னேன். அங்கே மலேரியாவும் எச்.ஐ.வி.யும்தான் வயிற்றுப் பிள்ளையைத் தேடி வரும். மலேரியாக் கிருமி நஞ்சுக்கொடியில் போய் உட்கார்ந்துகொண்டால் அம்மாவுக்குக் காய்ச்சல்கூடத் தெரியாது, பிள்ளை மட்டும் எடை குறைந்து பிறக்கும். அதற்காகக் கர்ப்பிணிக்குக் காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ, மாதம் ஒன்றாவது இடைவெளி விட்டு எஸ்.பி. என்ற மலேரியா மாத்திரை மூன்றை நர்ஸ் கண் முன்னால் விழுங்கவைப்பார்கள். மலாவிதான் இதை முதலில் நாட்டுக் கொள்கையாக்கியது, 1993-ல். கண் முன்னால் விழுங்க என்ன வேண்டும்? மறுபடியும் தண்ணீர். எங்கள் கிளினிக்கில் இருந்தது ஒரே டம்ளர், நாற்பது பெண்கள் வரிசை. பாதிப் பேர் டம்ளரைப் பார்த்துவிட்டு "வீட்டில் போட்டுக்கொள்கிறேன்" என்பார்கள். கடைசியில் ஆளுக்கொரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னோம், வரிசை ஓடியது.

எச்.ஐ.வி.யில் மலாவி 2011-ல் எடுத்த முடிவு எனக்கு இன்றும் ஆச்சரியம். யாருக்கு மாத்திரை தொடங்குவது என்று பார்க்க, நோயெதிர்ப்பு அணுக்களை எண்ணும் இயந்திரம் ஊருக்கு ஊர் கிடையாது. அதற்காகக் காத்திருக்காமல், தொற்று இருக்கும் கர்ப்பிணி எல்லாருக்கும் உடனே மாத்திரை, ஆயுள் முழுக்க, என்று தொடங்கிவிட்டார்கள். குழந்தைக்கு ஆறு வாரம் நெவிரபின் சிரப். ஒரு பெண் அந்த சிரப்பை இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போவாள். புருஷனுக்கு இன்னும் சொல்லவில்லை. லேபிளில் எழுதியதைப் படித்துவிடுவானோ என்று பயம். பாட்டிலை மாற்றாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அளவு தப்பாமல் இருக்க சிரிஞ்சில் நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். ஆறாவது வாரம் குழந்தையின் குதிகாலில் ஊசி குத்தி அட்டையில் ரத்தம் எடுத்தோம். ரிசல்ட் வர ஒன்றரை மாதம் ஆனது. தொற்று இல்லை. அவள் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த அந்த சிரிஞ்சைத் திருப்பிக் கொடுக்கவந்தாள். நீயே வைத்துக்கொள் என்றேன்.

லேப்காரன்:

எல்லாம் சரி சிஸ்டர், வெரோனிகா வாளிக்குக் குழாய் வந்ததா இல்லையா?

நாஞ்சில் சிஸ்டர்:

வந்தது, பதினோரு நாள் கழித்து. ஸ்டோரில் எழுதிக் கொடுத்தது வரவேயில்லை. ஊற்றிய அந்த அம்மாதான் சந்தையில் பழைய சாமான் விற்பவனிடம் பேரம் பேசி வாங்கி வந்து, சைக்கிள் டியூப்பை வெட்டி வாஷராகப் போட்டு மாட்டினார். நான் அங்கிருந்து கிளம்பும்வரை ஒழுகவில்லை.