ஜிலேபி மீன் இரத்தப் பூச்சில் நுண்கருவைப் பிரித்தறிய உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். நொய்யல் ஆற்றின் வேதி மாசை மீன்களைக் கொண்டு கணிக்கும் முதுகலை ஆய்வில், இரத்தப் பூச்சில் (கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவிய இரத்தத்தில்) தெரிபவை உண்மையான நுண்கருக்களா, வெறும் சாயத் துகள்களா என்று பிரித்தறிய இயலாமல் நிற்கிறேன்.

மீனின் சிவப்பணுக்களில் உட்கரு இருப்பதால், மரபுப்பொருளைச் சிதைக்கும் நச்சுகள் அங்கே சிறு துண்டுக் கருக்களாக, அதாவது நுண்கருக்களாக, தடயம் விடுகின்றன. திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையம் அணைப் பகுதியிலும், ஒப்பீட்டுக்காக ஆற்றின் மேற்பகுதியில் பேரூருக்கு மேற்கேயும், இந்தக் கோடையில் ஜிலேபி மீன்களைப் பிடித்து, வால் சிரையிலிருந்து இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் தடவிய ஊசியால் இரத்தம் எடுத்து, மெத்தனாலில் நிலைப்படுத்தி, 5% ஜீம்சா சாயமிட்டேன். (ஜிலேபி எந்தச் சாக்கடையிலும் பிழைக்கும் என்பது தெரியும், இரண்டு இடத்திலும் கிடைப்பது அதுதான்.) 100 மடங்கு எண்ணெய் லென்ஸில், முதன்மைக் கருவில் மூன்றில் ஒரு பங்குக்கும் சிறிய கருநீலப் புள்ளிகள் இரு இடத்து மீன்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் தெரிகின்றன; சில, குவியத் திருகைத் திருப்பும்போது பளபளக்கின்றன, சில அணுவுக்கு வெளியேயும் கிடக்கின்றன.

சாயத்தை வடிகட்டியும், பிஎச் 6.8 தாங்கல் கரைசலைப் புதிதாகத் தயாரித்தும், பூச்சை மெல்லியதாக்கியும் புள்ளிகள் குறைந்தனவே தவிர மறையவில்லை. டிஎன்ஏவை ஒளிரச் செய்து காட்டும் அக்ரிடின் ஆரஞ்சு சாய முறைக்குரிய ஒளிர்வு நுண்ணோக்கி எங்களிடம் இல்லை. டிஎன்ஏவை மட்டுமே நிறமேற்றும் ஃபியூல்ஜன் முறைக்கு மாறியபோதோ, 60 டிகிரி செல்சியஸில் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 10 நிமிடம் வைத்த பூச்சு கண்ணாடியை விட்டே உரிந்துவிட்டது.

மீன் இரத்தப் பூச்சில் ஃபியூல்ஜன் செய்தவர்கள், அமிலத்தில் வைக்கும் கட்டத்தை எந்தச் செறிவில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு நேரம் செய்தீர்கள்?